என் தாளுக்குக் கீழே

எண்பதுகளில் கிருஷ்ணகிரியில் நர்சிங் படித்தபோது, எங்கள் டியூட்டர் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் பச்சைத் துணி ஒட்டிய பலகை ஒன்றை மாட்டினார். வாரம் ஒரு கேள்வி. பதிலைத் தாளில் எழுதிக் குண்டூசியால் குத்த வேண்டும். பெயர் போடக் கூடாது. மற்றவர்கள் அதற்குக் கீழேயே தங்கள் கருத்தை எழுதலாம். சனிக்கிழமை வகுப்பில் ஒரே ஒரு தாளை அவர் படித்துக் காட்டுவார். ஒரு தடவையாவது அது என் தாளாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

அவர் படித்ததெல்லாம், ஆந்திர, கர்நாடக எல்லையோரத்துப் பேரிகை ஊரிலிருந்து வந்து எங்களோடு படித்த பேரிகைக்காரி எழுதியதைத்தான். பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்தக் குண்டுக் கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா? வார்டில் தெலுங்கு, கன்னடம் என்று எல்லோரிடமும் வாயடிப்பாள். அங்கே காதில் விழுந்ததைச் சுடச்சுட எழுதிவிடுவாள். அவள் தாளில் மற்றவர்கள் கருத்தெழுத இடம் போதாமல் பின்பக்கமும் நிரம்பும். புத்தகத்தைக் கரைத்துக் குடித்து நான் எழுதியதை ஈ காக்கா கூட எட்டிப் பார்க்காது. பலகையே நேரத்துக்குக் கேடு என்றார்கள் சிலர்; வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதுதான் வசதி என்றார்கள் வேறு சிலர். எனக்கோ அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஒரு வாரம் இந்தக் கேள்வி வந்தது: ஆபரேஷன் முடிந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றால் துணைக்கு இருப்பவர்கள் கேட்பதில்லை, என்ன செய்வது? புத்தகத்தை மூடி வைத்தேன். அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் ஆனபோது எங்களை அதட்டினார்களே தவிர, ஏன், எதுவரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தவித்துப்போனாள். காரணத்தைச் சொல்லுங்கள், எப்போது கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள், காத்திருப்பார்கள் என்று எழுதினேன்.

சனிக்கிழமை டியூட்டர் கையில் என் தாள். முழுவதும் படித்தார். பிறகு அடியில் யாரோ எழுதியிருந்ததையும் படித்தார். இது உண்மை, நேற்று வார்டில் ஒரு அம்மாவிடம் இப்படியே தெலுங்கில் சொன்னேன், சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் காத்திருந்தார் என்று இருந்தது.

கீழே எழுதியது யார் என்று கேட்டார். பேரிகைக்காரி எழுந்தாள்.

"படிச்சதோட விடாம செஞ்சு பாத்துட்டு வந்திருக்கா. இவதான் நர்ஸ்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன். மேலே எழுதியது யார் என்று அவர் கேட்கவேயில்லை.

உட்கார்ந்தவள் என் பக்கம் சாய்ந்தாள். "மேல எழுதினது நீதானே? மேடத்துகிட்ட சொல்லட்டுமாடி?"

சொல்லு என்று நாக்கு நுனிவரை வந்தது. இவள் சொல்லி அந்தப் பாராட்டு எனக்குக் கிடைப்பதா?

"நான் இல்ல" என்றேன்.