ஏழாவது வரி

மலேசியாவின் சுங்கை வேயில் எங்கள் வீடு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நடக்க முடியாது. அதனால் எங்களுக்கு லிஃப்ட் என்பது அரிசி, தண்ணீர் மாதிரி.

சட்டமன்றத் தேர்தலில் நின்ற இருவரும் தமிழர்கள். ஒருவர் இந்து. பிரச்சாரத்தின் முதல் வாரமே எங்கள் கோயிலில் சட்டையைக் கழற்றி, பட்டையிட்டு, பரிவட்டம் கட்டிக்கொண்டார். மற்றவர் முஸ்லிம். கவுன்சிலராக இருந்தபோது, லிஃப்ட் நின்றால் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தவர்.

நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். இருவரையும் அட்டவணையாக்கி எங்கள் பிளாக் வாட்சப் குழுவில் படமாகப் போட்டேன். முதல் வரி லிஃப்ட். பிறகு சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, போனை எடுப்பாரா, முந்தைய வேலை. ஏழாவது வரி மதம். அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. விவரம் எதையும் விடாமல் பதிவது எங்கள் வேலையில் பழக்கம்.

மறுநாள் அதே படம் திரும்பி வந்தது. ஆறு வரிகளை வெட்டிவிட்டு ஏழாவதை மட்டும் வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஆன்டி வாசலில் பிடித்துக்கொண்டார். "நல்லா எழுதிக் காட்டினம்மா. இல்லன்னா நாங்க அந்த ஆளுக்குத்தான் போட்டிருப்போம்."

"லிஃப்ட் செஞ்சு கொடுத்தது அவருதானே ஆன்டி?"

"லிஃப்ட் இன்னிக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். சாமி அப்படியா லா?"

அந்த முன்னாள் கவுன்சிலரின் பெயரே மதத்தைச் சொல்லிவிடும்தான். ஆனால் அதை லிஃப்டோடு ஒரே அட்டவணையில் ஏற்றியது நான்.

வாக்களிப்பு நாளில் லிஃப்ட் ஓடியது, அந்த முன்னாள் கவுன்சிலர் மாற்றவைத்த மோட்டாரில். திரும்பி ஏறும்போது அப்பா, நான் கேட்காமலே சொன்னார்: "பட்ட போட்டவருக்குத்தான் போட்டேன். கோவிச்சுக்காத. போற காலத்துல சாமிய விட்டுட்டேன்னு இருக்கக் கூடாதுல்ல."

நான் ஒன்பதாம் எண்ணை இன்னொரு முறை அழுத்தினேன்.

பட்டையிட்டவர் வென்றார். அவர் பக்தி பொய் என்று நான் சொல்லவில்லை. மெய்யாகவே இருக்கலாம். இரண்டு மாதத்தில் லிஃப்ட் நின்றது. அவருடைய சேவை மையத்தில் என் புகாரை நான்கு முறை எழுதிக்கொண்டார்கள். சட்டமன்ற உறுப்பினரை இங்கே 'வைபி' என்பார்கள். "வைபி கோயில் பங்ஷன்ல இருக்காரு சிஸ். வந்ததும் சொல்றோம்."

இப்போது அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டு அங்கிளும் அவர் தம்பியும் படியில் தூக்கி இறக்குகிறார்கள். போன வியாழக்கிழமை ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்க இறக்கிவைத்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"உன் லிஸ்ட்டுல லிஃப்ட்ட எத்தனாவதா எழுதியிருந்த?"

"முதல்லப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்க இன்னும் ஐந்து மாடி. மாலையில் ஏற ஒன்பது. சனிக்கிழமை மறுபடியும்.