வராக்கடன் நோட்டை என் கையில் சேர்த்த மாசாணியம்மா

ஆடி மாதம். விதைக்கடலையை உடைத்துத் தயாராக வைத்திருந்தோம். அன்று காலையில் கடன் வசூல்காரன் பொன்னுச்சாமி இரண்டு ஆட்களோடு வந்து எங்கள் எருதுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான். கடன் இத்தோடு சரி என்று எங்கள் புரோநோட்டை வாசலில் வீசினான். எருதுகள் அந்தக் கடனைப் போல் இரண்டு மடங்கு பெறும். எழுபத்து நான்காம் வருஷம் அது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் காடு. எருது இல்லாமல் உழவு இல்லை, உழவு இல்லாவிட்டால் சோறு இல்லை. செத்துப்போகலாமா என்றுகூட நினைத்தேன்.

இத்தனைக்கும் அவனிடம் நாங்கள் ஒரு பைசா வாங்கியதில்லை. கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வாங்க ஒரு கடை முதலாளிக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். கிணறு வற்றியது, கட்ட முடியவில்லை. முதலாளி நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உன் பாக்கியை வராக்கடனில் எழுதித் தள்ளிவிட்டேன், போய்ப் பிழைப்பைப் பார் என்றார். கோயிலில் தேங்காய் உடைத்தோம். நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் காகிதத்தைக் கேட்டால் நம்பாதது போலாகிவிடுமே என்று கூச்சம்.

அவர் காலமானதும் மகன்கள் கடையை மூடினார்கள். வசூலாகாத நோட்டுகளைக் கட்டாகக் கட்டிப் பொன்னுச்சாமிக்கு அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். முதலாளி தள்ளியது அவர் கணக்குக்குத்தான், கடன் அப்படியே இருக்கிறது, நோட்டை வைத்திருப்பவனுக்குக் கட்டியாக வேண்டும் என்று சந்தையில் நாலு பேர் முன்னால் எங்கள் வீட்டுக்காரரை நிறுத்திச் சொன்னான். வக்கீலும் அதையே சொன்னார். எருது போன கதை அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமையே ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். மாசாணியம்மா சன்னதியில் மிளகாய் அரைத்து, நியாயம் கேட்டு வருகிறவர்கள் பூசும் நீதிக்கல்லில் பூசினேன். கை எரிந்தது, கண் எரிந்தது. எருதைக் கொடு என்று கேட்கவில்லை.

"தாயே, அவன் குடுமி என் கையில வரோணும்."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

ஊரே விதைத்து முடித்த பிறகுதான் எங்களுக்கு வாடகை எருது கிடைத்தது. ஆவணி பிறந்துவிட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் வேலையைப் பாருங்கள். ஆவணியில் மழை நின்றுபோய், முந்தி விதைத்தவர்களின் கடலை பூவோடு கருகியது. எங்கள் செடி பூக்கும்போது புரட்டாசி மழை ஊற்றியது. அவன் எருதை ஓட்டியிராவிட்டால் நாங்களும் முந்தி விதைத்துக் கருகியிருப்போம். ஊரில் கடலை இல்லாததால் எங்கள் மூட்டைக்கு நல்ல விலை.

பொள்ளாச்சி மண்டிக்காரர் பணத்தைக் கொடுக்கும்போது பொன்னுச்சாமியைத் திட்டினார். பிறர் நோட்டுகளை வாங்கிச் சேர்க்க அவன் அவரிடம்தான் கடன் வாங்கியிருக்கிறான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் அதை வராக்கடனில் தள்ளிவிட்டாராம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நோட்டை எனக்குக் கொடுங்கள், என் கடலைப் பணத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டின் பின்பக்கம் என் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் பாதிப் பணம் போச்சே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் பொன்னுச்சாமி வீட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். நோட்டைக் காட்டியதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அதை மண்டிக்காரரே தள்ளிட்டாருங்களே."

"அவரு தள்ளுனாரு. நான் தள்ளுலீங்க."

வட்டியோடு வாங்கினேன். மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டினான். அவன் சந்தைக்கு நடந்து போவதைப் பார்க்க எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். பாவம் விட்டுவிடு என்றவர்களும் உண்டு. எங்கள் எருதை ஓட்டியபோது அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பணத்தில் காங்கேயம் எருது ஜோடி ஒன்று வாங்கினோம். முதல் நாள் அவன் வீட்டு வழியாகத்தான் ஓட்டி வரச் சொன்னேன். எங்கள் காட்டுக்கு அது சுற்று வழி.

இத்தனையும் நடந்த பிறகுதான் ஆனைமலைக்குப் போய், பூசிய மிளகாயின் எரிச்சல் தீர எண்ணெய்க் காப்புச் செய்து அம்மாவைக் குளிர வைத்தேன். அழுதேன், சிரித்தேன். இப்போது எதற்கும் நான் பயப்படுவதில்லை. அநியாயம் பட்டவர்களே, நீங்களும் நம்பிப் போங்கள். மனதில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். நல்ல பிள்ளையாக வேஷம் போட வேண்டாம். நான் நெஞ்சு நிறைய வன்மத்தோடுதான் போனேன், அம்மா என்னைப் போ என்று சொல்லவில்லை.