பேர்பெச்சுவா முன்வாசலால் போனாள்

ஓடிப்போனாள் என்று சொல்லவேண்டாம். அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள், அதுவும் முன்வாசலால், பத்துப் பன்னிரண்டு பேர் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்க. ஜேர்மனியில் எங்கள் ஹம் நகரத்தில் நடந்த ஒன்று கொலோனுக்குப் போய்ச் சேர ரயிலில் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். தொலைபேசிக்கு அதுவும் வேண்டாம். ஆனால் போகிற வழியில் அதற்குக் கை, கால், மீசை எல்லாம் முளைத்துவிடுகிறது.

போன கிழமை கொலோனிலிருந்து என் சிநேகிதி கிரிஜா கதைத்தாள். பேர்பெச்சுவா நீச்சல் கழகத்தின் குளத்தில் எண்ணெய் ஊற்றியவளாம். அதனால் வேலை போனதாம். கழகம் மூடிய பிறகும் சாவியைக் கொடுக்காமல் வைத்திருந்து, பாழடைந்த அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரனைச் சந்தித்து வந்தாளாம். கடைசியில் ஐம்பத்தெட்டு வயதில் அவனுடைய காரில் ஏறிப் போய்விட்டாளாம். அவனுக்கு மீசையும் இருந்ததாம்.

காரில் ஏறியது மட்டும் சரி என்றேன். மற்றதைச் சொல்லத் தொடங்க, அவளுடைய அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்ததென்று தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆகவே பேத்தி கிருசாந்தியைப் பிடித்து இருத்தி எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுத்து எனக்கு வராது. நடந்தது எனக்குத் தெரியும். அந்த எண்ணெய் யாருடைய எண்ணெய் என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

பேர்பெச்சுவா மன்னாரில் பேசாலை ஆள். தகப்பனும் நான்கு தமையன்மாரும் கடலில். பெண்பிள்ளைக்குக் கருவாடு காயப்போடுகிற வேலை. முழங்கால் மட்டும் கடலில் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் அடி. அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் நீந்தத் தெரியாமல் ஜேர்மனிக்கு வந்தாள். புருசன் முதலே இங்கே வந்திருந்தார். எண்பத்தைந்தில் மகன் பென்ஜமினைக் கூட்டிக்கொண்டு, படகில் இராமேசுவரம் போய், அங்கிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்தாள். நான்காம் வருடம் அவர் காலமாகிவிட்டார். பிறகு துப்புரவு வேலை செய்து மகனை ஆளாக்கினாள்.

எங்கள் கட்டடத்தில் அவள் மகன் குடும்பத்தோடு இரண்டாம் மாடி, நான் முதலாம் மாடி. கீழே அம்பிகா. அம்பிகாவின் சன்னலுக்குத் தெரியாமல் தபால்காரன்கூட உள்ளே வரமுடியாது.

தெருமுடிவில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், அந்த நீச்சல் கழகம் இருந்தது. பெரிய இடமில்லை. வேலிக்குள் ஒரு நீலக் குளம், உடுப்பு மாற்றப் பன்னிரண்டு மரக்கூண்டுகள், உருளைக்கிழங்கு பொரித்து விற்கும் ஒரு கடை, ஒரு புற்றரை. தலைவியின் பெயர் ஹில்டெகார்ட். எழுபதை நெருங்கியவள், ஒட்ட வெட்டிய தலைமயிர், அகன்ற தோள், எந்நாளும் நீல நிற விளையாட்டு உடுப்பு, கழுத்தில் விசில். பேர்பெச்சுவா அங்கே கூண்டுகளைக் கழுவும் வேலையில் சேர்ந்தபிறகு எங்களுக்கும் அங்கே போக வழி பிறந்தது.

அந்தக் கோடைகளைக் கேட்டால் சொல்வேன். வெள்ளைக்காரர் கறுக்கவேண்டுமென்று வெயிலில் கிடப்பார்கள். நாங்கள் கறுத்துவிடுவோமென்று மரநிழலில் பாய் விரிப்போம். சோற்றுப் பானையைத் திறந்தால் பக்கத்துத் துவாயில் கிடப்பவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பேர்பெச்சுவாவின் மீன் பொரியலுக்காகவே ஒரு கிழவர் தினமும் எங்கள் பாயைச் சுற்றி நடந்து "நல்ல வெயில்" என்று சொல்வார். மழை பெய்தாலும் அதைத்தான் சொல்வார். அம்பிகா மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்: வீட்டுக் கவுனோடு பிள்ளைகளின் சறுக்கியில் ஏறி, நடுவழியில் இறுகி நின்றது அவள்தான். பின்னால் பதினொரு பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஹில்டெகார்ட் மேலேயிருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றித்தான் அவளை இறக்கினாள்.

இனி எண்ணெய்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. அந்த வருடத்து வெயிலில் கால்வாய் மீன்கூடச் செத்து மிதந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் பெண்களுக்கு முழுக்கு நாள். நான் சிறுபிள்ளையிலிருந்து தவறவிட்டதில்லை. எங்கள் வீட்டுக் குளியலறையில் தலைக்குக் கையைத் தூக்கினால் முழங்கை சுவரில் இடிக்கும். இங்கேயோ இவ்வளவு தண்ணீர் சும்மா கிடக்கிறது. இரண்டு உள்ளங்கை நல்லெண்ணெயை உச்சியில் வைத்து நன்றாகத் தேய்த்து, புற்றரை வெயிலில் அரைமணித்தியாலம் ஊறவிட்டு, சீயாக்காய்க் கிண்ணத்தைக் கரையில் வைத்துவிட்டு, ஏணியால் இறங்கி மூன்று முறை முங்கினேன். முதலில் உடம்பைக் கழுவிவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்று அங்கே ஒரு பலகையில் எழுதியிருந்ததாம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது அறிவித்தல். நான் அதன் நிழலில் செருப்பை விட்டிருந்தேன்.

குளத்தின் மேல் வானவில் விரிந்தது. விசில் ஊதியது. நாற்பது பேர் கரையேறி வரிசையில் நின்றார்கள். யார் செய்தது என்று ஹில்டெகார்ட் கேட்டாள். நான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வானத்தில் போன விமானத்தைப் பார்த்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பயந்துதான் போனேன். எங்கள் எல்லாரையும் இனி வரவிடமாட்டார்களோ என்று நினைத்தேன்.

அப்போது பேர்பெச்சுவா நிலம் துடைக்கும் தடியோடு முன்னால் வந்தாள். பொரியல் கடையின் பழைய எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகையில் வழுக்கிவிட்டது, தான்தான் சிந்தியது என்றாள். ஹில்டெகார்ட் குனிந்து தண்ணீரில் விரலைத் தொட்டு முகர்ந்தாள். என் துவாயைப் பார்த்தாள். பேர்பெச்சுவாவைப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: எண்ணெயோடு வழுக்குகிறவள் ஒருநாள் தானும் வழுக்கி உள்ளே விழுவாள். குளக்கரையில் வேலை செய்பவளுக்கு நீந்தத் தெரியவேண்டும். திங்கட்கிழமையிலிருந்து பாடம், மாட்டேன் என்றால் வேலையில்லை.

இதுதான் வேலை போன கதை. வேலை போகவில்லை, கூடியது. அன்று மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னாள்:

"அக்கா, நீங்கள் வைச்ச எண்ணெய்க்கு நான் தண்ணி குடிக்கவேண்டிக் கிடக்கு."

குடித்தாள். முதல் கோடை முழுவதும் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பழகினாள். அடுத்த கோடையில் மிதவைப் பலகையைப் பிடித்தாள். மூன்றாவதில் ஏழெட்டு மீற்றர் போவாள், பிறகு கரையைப் பிடித்துவிடுவாள். அந்த வருடம்தான் பென்ஜமின் வேலிக்கு மேலால் தாயை நீச்சல் உடுப்பில் கண்டான். தமிழ்ப் பூசையில் பாட்டுக்குழு நடத்துகிறவன், மரியாதையான பிள்ளை. சத்தம் போடவில்லை. விதவைத் தாய் இந்தக் கோலத்தில் நின்றால் சனம் என்ன சொல்லும், விட்டுவிடுங்கள் என்று கேட்டான். அவள் ஓம் என்றாள். அவளுடைய ஓம் எப்படிப்பட்டது என்று அவன் இன்னும் படிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் குளத்தின் அடி வெடித்தது. உறுப்பினர்களில் பாதிப்பேர் பெரிய சறுக்கி வைத்த, கூரை போட்ட மண்டபக் குளங்களுக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் செத்துப்போனார்கள். தண்ணீரை இறக்கிக் கழகத்தை மூடினார்கள். சாவியை ஹில்டெகார்ட்தான் பேர்பெச்சுவாவின் கையில் கொடுத்தாள். கடைசியாகக் கூட்டிப் பூட்டியவள் அவள். திருப்பிக் கேட்க அங்கே யாரும் மிஞ்சவில்லை.

இரண்டு வருடம் கழித்து அம்பிகா என்னிடம் வந்து குசுகுசுத்தாள். ஒவ்வொரு செவ்வாயும் பேர்பெச்சுவா பையோடு அந்தப் பாழுக்குள் போகிறாளாம். உயரமான, தோள் அகன்ற ஒரு வெள்ளைக்காரன் படலையைத் திறந்துவிடுகிறானாம். சிலநாள் இருவரும் காரில் எங்கேயோ போகிறார்களாம். வாயை மூடு என்று அவளை அனுப்பிவிட்டு, அடுத்த செவ்வாய் நானே போனேன். சந்தேகத்தால் அல்ல. சரி, கொஞ்சம் சந்தேகத்தாலும்தான்.

படலை சாத்தியிருந்தது, பூட்டவில்லை. நுழைவுச்சீட்டு சன்னலில் சிலந்தி வலை. ஐஸ்கிரீம் படங்கள் எல்லாம் வெயிலில் வெளிறி ஒரே நிறமாகியிருந்தன. மரக்கூண்டு ஒன்றின் கதவு விழுந்து கிடந்தது. உள்ளே ஒரு பிள்ளையின் ஒற்றைப் பச்சைச் செருப்பு. அம்பிகாவின் சறுக்கியில் நிறையச் சருகு. புல் முழங்காலுக்கு நின்றது. எங்கள் பாய் விரித்த இடத்தைத் தேடினேன். மரம் மட்டும் இருந்தது. அப்போது குளத்துப் பக்கம் விசில் கேட்டது.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். நீலப் பூச்சு உரிந்து கிடந்தது. வெடிப்புக்குள்ளிருந்து என் உயரத்துக்கு ஒரு மரம். ஆழமான மூலையில் கொஞ்சம் மழைத்தண்ணீர், அதில் தவளைக்குஞ்சுகள். நடுவிலே பொரியல் கடையில் ஆட்கள் உட்காரும் நீள மர வாங்கு. அதன் மேல் பேர்பெச்சுவா வயிறு கீழாகக் கிடந்து, நீச்சல் உடுப்புக்கு மேல் ஸ்வெற்றர் போட்டபடி, கையையும் காலையும் தவளைபோல மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். கரையில் நின்று விசில் ஊதி எண்ணிக்கொண்டிருந்தது அம்பிகாவின் வெள்ளைக்காரன். ஹில்டெகார்ட்! மீசை விசயத்தில் மட்டும் கிரிஜா சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. கிட்ட நின்று பார்த்தால் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பேர்பெச்சுவா அசைவை நிறுத்தாமலே சொன்னாள்:

"சிரியுங்கோ அக்கா. எண்ணெய் ஊத்தினவைக்குச் சிரிக்க உரிமை இருக்கு."

அன்று எண்ணெயோடு இறங்கிய அதே ஏணியால் இறங்கிப்போய் வாங்கில் உட்கார்ந்தேன். எல்லாம் சொன்னாள். தண்ணீருக்கு ஹில்டெகார்ட் அவளைக் காரில் வேறு ஊர்க் குளத்துக்குக் கூட்டிப்போகிறாள், எங்கள் ஊர் மண்டபக் குளத்துக்குப் போனால் மகனின் காதுக்கு எட்டும் என்று. அங்கே நேரம் கிடைக்காத நாளில் இங்கே வாங்கில் பயிற்சி. இருபது மீற்றர் போகிறாள். இன்னும் ஐந்து வேண்டும். கரையிலிருந்து குதித்து, இருபத்தைந்து மீற்றர் நீந்தி, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் வளையத்தை எடுத்தால் கடற்குதிரைச் சின்னம் கொடுப்பார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளின் சின்னம் அது. அவளுடைய பேத்தி கிறிஸ்ரினா எப்போதோ வாங்கி உடுப்பில் தைத்துவிட்டாள். சோதனை ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் மண்டபத்தில். ஒளித்துப் பழகியது போதும், சோதனை இங்கேதான் என்று ஹில்டெகார்ட் பிடிவாதம்.

இந்த வயதில் உனக்கேனடி சின்னம் என்று கேட்டேன்.

பென்ஜமின் ஒரு கதை சொல்வான், எங்களுக்கெல்லாம் மனப்பாடம். இராமேசுவரம் போகையில் எட்டு வயதில் அலை அடித்துக் கடலில் விழுந்தானாம்; அம்மா குதித்துத் தூக்கினாவாம். கோயிலில், கலியாண வீட்டில், எங்கேயும் சொல்வான். பேர்பெச்சுவா வெடிப்புக்குள் நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: குதித்தது அவளல்ல. பக்கத்தில் இருந்த யோசப் என்ற மனிதர். அவள் படகுப் பலகையைப் பிடித்த கையை விடவேயில்லை. பிள்ளை மயக்கம் தெளிந்து பார்க்கையில் அவளுடைய மடியில் கிடந்தான். அதனால் அப்படி நினைத்துக்கொண்டான். இருபத்துமூன்று வருடமாகத் திருத்தாமல் விட்டுவிட்டாள்.

நான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வாங்கு ஆடாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களுக்குப் பென்ஜமின் வீட்டில் தேநீர். வந்தவர்களில் ஒரு புதுக் குடும்பம். ஆகவே கதை தொடங்கிவிட்டது. நான் அம்பிகாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் அலை அடித்த இடத்துக்கு வருகையில் அறைக்கதவு திறந்தது. நீச்சல் குளத்துக்குப் போடும் வெள்ளை அங்கி, காலில் ரப்பர்ச் செருப்பு, தோளில் பை. பேர்பெச்சுவா.

அம்பிகா சன்னலை எட்டிப் பார்த்து, "அந்தா, கார் வந்திட்டுது. அவன்தான்" என்றாள்.

பென்ஜமின் எழுந்துபோய் முன்வாசலில் நின்றான். "எங்கையம்மா போறியள்?"

"நீந்த."

"இத்தினை சனத்துக்கு முன்னால ஏனம்மா இப்பிடி..."

"அண்டைக்கு நான் குதிக்கேல்லைத் தம்பி," என்றாள். "யோசப் எண்ட ஒரு மனிசன்தான் குதிச்சவர். நான் பலகையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்குப் பதினொரு மணிக்குக் குதிக்கப்போறன்."

ஒருவரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அவன் கை கதவுநிலையில் இருந்தது. சனம் இனி என்ன சொல்லும் என்று எல்லாரும் யோசிப்பது எனக்குக் கேட்டது. ஆகவே சனத்துக்கு வேறொன்று கொடுத்தேன். குளத்து எண்ணெயும் அவள் ஊற்றவில்லை, அது என் தலை எண்ணெய், நல்லெண்ணெய் என்றேன். அம்பிகாவின் தேநீர் மடியில் கொட்டியது. வா, கீழே போய் உன் வெள்ளைக்காரனுக்குக் கை கொடு, அவளுக்குப் பெயர் ஹில்டெகார்ட், உன்னைச் சறுக்கியிலிருந்து இறக்கினவள் என்று அவளை எழுப்பினேன்.

யாரோ ஒருவர் சிரித்தார். கிறிஸ்ரினா ஓடிவந்து தன் நீச்சல் கண்ணாடியை அப்பம்மாவின் பைக்குள் போட்டாள். "குதிக்கேக்கை மூக்கைப் பொத்தக்கூடாது, அப்பம்மா. பொத்தினால் தரமாட்டினம்."

பென்ஜமின் தாயைப் பார்த்தபடியே நின்றான். பிறகு கதவுநிலையிலிருந்து கையை எடுத்தான். கொஞ்சம் விலகினான். ஓர் ஆள் போக அது காணும்.

பேர்பெச்சுவா அங்கியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய ரப்பர்ச் செருப்பு ஒவ்வொரு படியிலும் டப், டப் என்று விழுந்தது. இரண்டு மாடிக்கும் எண்ணினேன். ஓடுகிற காலுக்கு அந்தச் சத்தம் வராது, கிரிஜா.