அங்கிள் காரில் ஏற்றிவந்த நடிகை

அந்தக் காரின் கதவைத் திறந்ததும் 'சுடுபாண்' மணம், அப்போதுதான் சுட்ட ரொட்டியின் மணம், முகத்தில் வந்து அடிக்கும். கௌசியின் அப்பா பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சட்டையின் கைமடிப்பில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல், சனிக்கிழமைக் காலைகளில் எங்களைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார். சிட்னியில், பென்டில் ஹில்லில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில் இருந்தன. என் அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை, அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆகவே அங்கிள் முன்னால், கௌசியும் நானும் பின்னால். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். அந்த மனுசன் நல்லா இருக்கோணும்" என்று அம்மா வாசலில் நின்று சொல்வார்.

காருக்குள் எங்களோடு இன்னொருத்தியும் வருவாள். கறுப்பு வெள்ளைக் காலத்து அமெரிக்கப் படங்களில் கொடிகட்டிப் பறந்த நடிகை. பேரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும்; சொல்லமாட்டேன், அவளை யாரோடும் பங்குபோட இன்றைக்கும் எனக்கு மனமில்லை. அங்கிள் 'எங்கட ஆள்' என்றுதான் சொல்வார். இளவயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் வீட்டுக்குத் தெரியாமல் பார்த்த ஒரே ஒரு படத்தோடு பிடித்த பைத்தியம், சிட்னிக்கு வந்து, நூலகத்தில் அவளுடைய டிவிடிகளையும் தடித்த வாழ்க்கை வரலாறு ஒன்றையும் கண்டதும் முற்றிவிட்டது. வேலை இடைவேளைகளில் அகராதியோடு வாசித்ததை வாரம் ஒரு துண்டாக எங்களுக்குச் சொல்வார்.

"தேப்பன் விட்டிட்டுப் போட்டான். தாய் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவி வளத்தவ. எங்கட ஆள் பதினேழு வயசில ஒரு பெட்டியோட பஸ் ஏறிட்டுது" என்று தொடங்குவார். படக் கம்பனிக்காரர் அவள் பேரை மாற்றியதையும், பல்லைச் சீராக்கிப் புருவத்தை வழித்து வேறாக வரைந்ததையும், ஏழு வருட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு என்ன சாப்பிடலாம் என்றுகூட எழுதிக் கொடுத்ததையும், பிடிக்காத வேடம் ஒன்று வந்தபோது அவள் மாட்டேன் என்று சம்பளமில்லாமல் ஒரு வருடம் வீட்டில் இருந்ததையும், ஏதோ எங்கள் சொந்தக்கார அக்கா ஒருத்திக்கு நடந்ததைப்போலக் கேட்டோம். கேட்டோம் என்பதும் பிழை. நான்தான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு "பிறகு என்ன நடந்தது, அங்கிள்?" என்று அரிப்பேன், கௌசி வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். இப்படி ஓர் அப்பாவை வைத்துக்கொண்டு ஒருத்தி தெருவைப் பார்க்கிறாளே! என் அப்பா எந்தக் குறையும் வைக்காத மனிதர்தான். ஆனால் "சாப்பிட்டாச்சே? படிச்சாச்சே?" இரண்டுக்கும் மேலே அவரிடம் மூன்றாவது பேச்சு இருந்ததில்லை.

ஒருநாள் அங்கிள் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நாலு தரம் கலியாணம் கட்டினவ. நாலும் சரிவரேல்லை. கொம்மாமாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அந்த வருடப் பேச்சுப் போட்டிக்கு 'நான் போற்றும் ஒருவர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டி என்றால் பெற்றோர் எழுதுவார்கள், பிள்ளைகள் 'பாடமாக்கி' ஒப்பிப்போம். மேடையில் கையை ஆட்டுவது மட்டும்தான் எங்களுடையது. நான் அந்த நடிகையைப் பற்றிப் பேசுவேன், அங்கிள் எனக்கு எழுதித் தருவார் என்று மனதுக்குள் முடிவே கட்டியிருந்தேன். மறுவாரம் காரில் ஏறினால் கௌசியின் மடியில் அங்கிளின் கையெழுத்தில் நாலு தாள். அவள் பாடமாக்க முடியாமல் சிணுங்கச் சிணுங்க, பக்கத்தில் இருந்து கேட்ட எனக்கு முழுவதும் பாடமாகிவிட்டது. எனக்கு அப்பா கொண்டுவந்து தந்தது ஒரு விஞ்ஞானியைப் பற்றிய போட்டோக்கொப்பி. மேல் ஓரத்தில் வேறு யாரோ பிள்ளையின் பேர் பேனையால் வெட்டியிருந்தது.

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை, இடைவேளையில், போட்டியை ஒழுங்கு செய்த நித்தி அன்ரியிடம் போனேன். கோள் சொல்லப் போகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கேள்வியைப்போலக் கேட்டேன். "அன்ரி, நாலு தரம் கலியாணம் கட்டின ஆளையும் போற்றலாமோ?"

"ஆர் பிள்ளை நாலு தரம் கட்டினது?"

"கௌசி பேசப்போற நடிகை. அங்கிள் அதை எழுதாமல் விட்டிட்டார்."

பள்ளி விட்டதும் அன்ரி வாசலில் அங்கிளை மறித்தார். பிள்ளைகள் வருகிற இடம், சனம் என்ன சொல்லும், ஒரு புலவரைப் பற்றிப் பேசட்டுமே என்றார். அங்கிள் குரலை உயர்த்தவில்லை. "ரீச்சர், அவ ஆரிட்டையும் கையேந்தாமல் உழைச்சுச் சாப்பிட்டவ. போற்ற அது காணாதோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு கௌசியிடமிருந்து தாள்களை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கௌசி போட்டிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு தமிழ்ப் பள்ளிக்கும் வரவில்லை. என்னை யாரோ ஒருவரின் வான் வண்டியில் சேர்த்துவிட்டார்கள். படக் கம்பனி அந்த நடிகைக்குக் கார் அனுப்புவதை நிறுத்திய நாற்பதாவது வயதோடு கதை நின்றுபோயிற்று. விஞ்ஞானிக்கு முதல் பரிசு கிடைத்தது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்பது, அந்தக் கிண்ணத்தை அம்மா கண்ணாடி 'அலுமாரி'யில் வைத்தபோது எனக்கு விளங்கியது.

அங்கிள் அண்மையில் காலமானார். பாண் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. நூலகத்தில் டிவிடி அடுக்குகளை எடுத்துவிட்டு மேசைகள் போட்டிருக்கிறார்கள். நடிகையின் மிச்ச வாழ்க்கையை நானே இணையத்தில் தேடி வாசித்தேன். நாடகங்களில் கிழவி வேடம் போட்டு, கடைசியில் ஒரு சின்ன வீட்டில் தனியே இருந்து இறந்தாளாம். அங்கிள் வாயால் கேட்காததாலோ என்னவோ, யாரோ ஒரு வெள்ளைக்காரி செத்த செய்தியாகத்தான் அது இருந்தது.

அங்கிளின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவர்கள் வீட்டுக் 'குசினி'யில் கௌசி தேநீர்க் கோப்பைகளைக் கழுவ, நான் துடைத்தேன். இத்தனை வருடமாகத் தொண்டைக்குள் கிடந்ததை அப்போதுதான் சொன்னேன். "நித்தி அன்ரிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும். வேற ஆருக்கு நாலு கலியாணம் தெரியும்?" என்றாள்.

"கோவம் இல்லையோ?"

"அதுக்கு இல்லை. அந்த ஸ்பீச் எனக்குப் பாடமே வரேல்லை, தப்பினன் எண்டுதான் இருந்தனான்." அடுத்த கோப்பையை எடுத்தாள். "அப்பா வீட்டில கதைக்கிறதே இல்லையடி. நீ கேட்டபடியால்தான் காரில சொன்னவர். நானும் எத்தனையோ தரம் கேட்டுப் பாத்தனான், எனக்குக் கேக்கத் தெரியேல்லைப் போல. அவரைக் கதைக்கப்பண்ண உனக்கு மட்டும் தெரிஞ்சுது. உன்னில எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமே? நீ ஏறாமல் விட்ட பிறகு, அந்த மனுசன் எனக்கு ஒரு கதையும் சொல்லேல்லை."

அவள் நீட்டிய கோப்பையை வாங்கித் துடைத்தேன். வெளியே, வந்திருந்தவர்கள் அங்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்: நல்ல மனுசன், ஒருவருடைய சோலிக்கும் போகாதவர், வாய் திறந்து நாலு வார்த்தை கதைத்ததை யாருமே கேட்டதில்லை என்று.