பொன்னாயியின் இலை பந்திக்குத் திரும்பியது

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில், ஓர் ஆடி மாதம், கொல்லிமலையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குப் பரிமாறிய சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்கள். ஒருவரும் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. இலையை மூடிவைத்துவிட்டுக் கைகட்டி வெளியே போய் நின்றார்கள். அந்த நாட்களில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையார் முன் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உருக்கமாகப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுகிறேன்.

நான் தாய் தகப்பனை அறியாதவள். சமவெளியில் ஓர் அநாதை விடுதியில் வளர்ந்தேன். தொழிற்பள்ளியில் தறி வேலை கற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்தபின் என்னை மலைக்கு அனுப்பினார்கள். மற்றப் பள்ளிகளில் நிற்காமல் காட்டுக்குள் ஓடிவிடும் மலைப் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. காலையில் எழுத்தும் கணக்கும், மதியத்துக்குமேல் தறி, வெயில் தாழ்ந்தபின் சாமைக்காட்டு வேலை. பிள்ளைகள் எங்களுடனே தங்குவார்கள். பிரம்பு கிடையாது என்பது பள்ளியின் முதல் விதி. எனக்கு அது பிடித்திருந்தது. சிக்கிய நூலைக் கோபத்தோடு இழுத்தால் என்ன ஆகும் என்று தறியில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

பொன்னாயிக்குப் பத்து வயது இருக்கும். அவளுக்கும் தாய் தகப்பன் இல்லை. ஆனி மாதக் கடைசியில் அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. யுத்தத்தால் கொயினா மருந்து எங்களுக்கு வந்து சேரவில்லை. டோலி கட்டி அவளைக் கீழே இறக்கினோம். நானும் கூடவே நடந்தேன். அடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது, பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. மிளகு வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் வீட்டில் கதவைத் திறந்தார்கள். ஆமினாம்மா என்ற அந்த வீட்டுக்காரி, பிள்ளையைத் தன் படுக்கையிலேயே கிடத்தி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக வாயில் ஊற்றினார். அந்தக் கஞ்சிதான் அவளை மறுநாள் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு கொண்டுபோனது. அதற்காக நான் செய்த ஸ்தோத்திரம் இன்னும் முடியவில்லை.

பொன்னாயி பிழைத்துத் திரும்பி வந்தாள். அவளுடைய இலை பந்தியில் விழுந்ததும்தான் பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

"ஏன் கண்ணு, சாப்பிடலையா?" என்று செல்லாயியைக் கேட்டேன். பிள்ளைகளில் மூத்தவள் அவள். மலையின் பைல் நாட்டுப் பகுதியில் ஊர்த் தலைவராக இருந்த ஓர் ஊர்க் கவுண்டரின் மகள். அவள் தலையசைத்தால் மற்றவர்கள் எழுவார்கள்.

"பசிக்கலீங்க வாத்தியாரம்மா."

"உனக்கு?"

"எனக்கும் பசிக்கலீங்க."

பொன்னாயி தன் இலையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் தனியாக உட்கார்ந்தாள். உடனே எல்லோரும் உள்ளே வந்து சாப்பிட்டார்கள்.

சமவெளிக்காரரான கீழ்நாட்டார் வீட்டில் உண்டு வந்தவளோடு அவர்கள் ஊரில் ஒருவரும் உண்ணமாட்டார்கள். பள்ளியில் சமைத்துப் பரிமாறியது ஒரு மலைக்காரி. எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் செய்து பார்த்தேன். எடுத்துச் சொன்னேன். இடத்தை மாற்றி உட்காரவைத்தேன். சின்னப் பிள்ளைகளை மட்டும் முதலில் அழைத்தேன். நானே பொன்னாயியின் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. மற்ற எதிலும் அவர்கள் சொல் தட்டவில்லை. தறியில் நீளவாட்டுப் பாவு நூலை விழுதின் கண்களில் கோக்க இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். செல்லாயியும் பொன்னாயியும் அப்படி உட்கார்ந்து, ஒருத்தி நூலை எடுத்துக் கொடுக்க, மற்றவள் வாங்கிக் கோப்பாள். வாய் ஓயாமல் பேசிக்கொள்வார்கள்.

"அவள் கையிலிருந்து நூல் வாங்கலாம், கூட உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்று செல்லாயியைத் தனியே கேட்டேன்.

"நூலு வேற, சோறு வேறங்க." கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். "நான் அவகூட உண்டேன்னா எங்கப்பன் என்னைய ஊட்டுக்குள்ள சேக்கமாட்டாருங்க. ஊருக்குச் சொல்றவரு ஊட்டுல பொறந்துட்டு நானே மீறுனா, எங்கப்பன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊர்ல பேசுவாரு?"

அவளைத் தண்டிக்க எனக்கு என்ன நியாயம் இருந்தது? கீழ்ப்படியாத பிள்ளையைத் திருத்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேறொரு சட்டத்துக்குக் கீழ்ப்படிகிற பிள்ளையை என்ன செய்வதென்று சொல்லவில்லை.

பள்ளியை நடத்திய அம்மையார் கெட்டவர் இல்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த மாதம் முடியட்டும். அதுவரைக்கும் சரியாகாவிட்டால் பொன்னாயியைச் சமவெளி விடுதிக்கு அனுப்பிவிடுவோம். அங்கே யாரும் அவளை ஒதுக்கமாட்டார்கள்" என்றார். நான் வளர்ந்த விடுதி அது. ஒதுக்கமாட்டார்கள் என்பது உண்மை. அங்கே சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, பாட்டு இருக்கிறது. பண்டிகைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை வாசலில் நின்று பார்ப்பதும் இருக்கிறது. என்னை ஒருவர்கூட உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்கா என்று அழைத்தவர்கள் உண்டு. விடுதியில் எல்லோரும் எல்லோருக்கும் அக்காதான். மலைக்காற்றில் வளர்ந்த இந்தப் பிள்ளையும் அந்த வாசலில் போய் நிற்பாளே என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. பனி விலகினால் அதிலிருந்து காரவள்ளிப் பக்கத்து வயல்கள் தெரியும். தினமும் விடிந்ததும் அங்கே போய் முழங்காலிட்டேன். என் ஜெபம் சின்னது. "ஆண்டவரே, ஒரே வரிசை. எல்லா இலையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை." பதில் இல்லை. மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. பொன்னாயி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கடைசியில் தறியிலும் பேச்சு நின்றது.

ஒரு காலை, கேட்க வார்த்தை இல்லாமல் பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ சொன்னதுபோல ஒரு கேள்வி எனக்குள் வந்தது. இவர்கள் ஊரில் தள்ளிவைக்கப்பட்டவர்கள் திரும்பி வருவதே கிடையாதா? இத்தனை நாளும் சட்டத்தை மீறச் சொல்லித்தான் எல்லோரையும் கேட்டிருந்தேன். அந்தச் சட்டத்துக்குள்ளேயே வாசல் உண்டா என்று கேட்கவில்லை.

அன்றைக்குச் சாமைக்காட்டில் களை எடுக்கும்போது கேட்டேன். செல்லாயி உடனே சொன்னாள்.

"உண்டுங்க. விறகுக்கட்டைத் தலையில வெச்சுக்கிட்டு ஊருச் சபை முன்னால வந்து விழோணும். ஊருக் கவுண்டரு எந்திரின்னு சொல்லி அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சாருன்னா தீந்துது."

பொன்னாயி நிமிர்ந்தாள். "நான் விழமாட்டேனுங்க. அந்தம்மா கஞ்சி ஊத்துலீன்னா நான் செத்திருப்பேன். பொழச்சதுக்கு எதுக்கு விழோணும்?"

 அவளை விழச் சொல்ல எனக்கும் மனம் இல்லை. பிறகு செல்லாயி மெதுவாகச் சொன்னாள். "அவளே விழோணும்னு இல்லீங்க. சின்னப் புள்ளைன்னா தாய்மாமன் விழலாம். எங்கப்பன் அப்படித் தீத்து வெச்சிருக்காரு. ஆனா இவளுக்குத்தான் மாமன் இல்லீங்களே."

"நான் இருக்கிறேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

பிள்ளைகள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"வாத்தியாரம்மா பொம்பளையாச்சே. மாமன் எப்படி ஆவாங்க?"

"அத்தைன்னு வெச்சுக்கலாம்" என்றாள் சின்னாயி. எல்லோரிலும் சிறியவள்.

"அத்தை விழுந்தாச் செல்லாதுடி. மாமன்தான் விழோணும்."

"அப்ப மீசை வரைஞ்சு உட்ருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாயி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த நேரத்தில் செல்லாயியின் தகப்பனார் மகளைப் பார்க்க வந்தார், தோளில் ஒரு பலாப்பழத்தோடு. பிள்ளைகளே ஒரு விறகுக்கட்டைக் கட்டி என் தலையில் ஏற்றினார்கள். கனமான கட்டு. முற்றத்தைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றேன். ஒருவர் நமக்காகச் சுமந்தார் என்று சிறுவயது முதல் பாடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கழுத்துக்கு அந்தப் பாட்டு புரிந்தது. கட்டை இறக்கிவைத்து, தரையில் விழுந்தேன்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, என்னங்க இது. எந்திரிங்க மொதல்ல."

"பொன்னாயிக்காக விழுந்திருக்கிறேன். அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று தரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

அவர் பலாப்பழத்தைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார். பிறகு, "அதுக்கு ஒரு மொறை வேணுமுங்களே. அந்தப் புள்ளைக்கு நீங்க என்ன மொறைங்க?" என்று கேட்டார்.

கேலிக்காகக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி.  காட்டில் பிள்ளைகளோடு சிரித்தது வேறு, இங்கே பொய் சொல்ல முடியாது. உண்மையில் நான் அவளுக்கு எந்த முறையும் இல்லை. உலகத்தில் யாருக்கும் எந்த முறையும் இல்லாதவள் நான். மண்ணில் முகம் பட்டபடி, ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

சுவரோரத்திலிருந்து பொன்னாயியின் குரல் வந்தது. காட்டில் பேசியதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள்.

"எம் மாமனுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆரு, இவியளா?"

"ஆமாங்க. எம் மாமன்."

"மொறையைச் சொல்ல வேண்டியது அந்தப் புள்ளைதானுங்கப்பா" என்று செல்லாயி குறுக்கே வந்தாள். "போன வருசம் நீங்கதானே அப்படிச் சொன்னீங்க. அவ சொல்லிட்டா."

"எங்கிட்டயே சட்டம் பேசறா பாரு" என்றார் அவர். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரிங்க. கண்ணு பொன்னாயி, அந்தச் சொம்புல தண்ணி கொண்டா சாமி."

அவள் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். பிறகு பலாப்பழத்தை வெட்டி, சுளைகளை அவள் கையாலேயே பங்கு வைக்கச் சொன்னார். முதலில் கை நீட்டியது செல்லாயி.

அன்று மதியம் மந்தாரை இலைகள் ஒரே வரிசையில் விழுந்தன. பொன்னாயியின் இலை நடுவில் இருந்தது. அவளைச் சமவெளிக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. பந்தி முடிந்ததும் நான் பாறைக்குப் போய் ஸ்தோத்திரம் சொன்னேன். நான் கேட்டது ஒன்று. ஆண்டவர் கொடுத்தது இரண்டு. கேட்கத் தெரியாமல் உள்ளே வைத்திருந்ததையும் அவர் பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியின் நடைமுறையும் மாறியது. தப்புச் செய்த பிள்ளை தனியாக என் முன் நிற்பதில்லை. அவளுக்காக நிற்க இன்னொருத்தி வருவாள். கொடுத்த வேலையை இரண்டு பேரும் சேர்ந்து முடிப்பார்கள். யார் யாருக்கு மாமன் என்று அவர்களுக்குள் பெரிய வழக்கே நடக்கும்.

இப்போது நான் சமவெளியில் வேறொரு நெசவுப் பள்ளியில் இருக்கிறேன். வானம் தெளிந்த நாளில் மலை நீலமாகத் தெரியும். தறியில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன். அந்தப் பாறையும், அந்த முற்றமும், சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் கை கழுவும் சத்தமும் வேண்டுமென்று மனம் கேட்கும். ஆமினாம்மாவின் வீட்டார் இந்தப் பக்கம் வரும்போது, மலையிலிருந்து வந்ததென்று ஒரு சின்ன மிளகு முடிச்சைக் கொடுப்பார்கள். யாருக்கு என்று பொன்னாயி கொடுத்தனுப்பினாள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் காதால் கேட்க ஆசை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பந்தியிலும் ஓர் இலை சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கலாம். அது உங்களுடையதாகவே இருக்கலாம். கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலும் கேட்டுக்கொண்டே இருங்கள். அவர் காட்டும் வாசல் நீங்கள் பார்க்காத பக்கத்தில் இருக்கும். அங்கே ஒரு விறகுக்கட்டும் இருக்கும். பயப்படாமல் தூக்குங்கள்.

போன வாரமும் மிளகு வந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"மாமனுக்காம்" என்றார் ஆமினாம்மாவின் மகன்.