வினாடிக்கு முப்பது படம்

என் மனைவிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

எனக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். எங்களோடு என் அண்ணனும் இருக்கிறார். புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் நீள டிரெய்லரைப் பதினெட்டு வருடம் ஓட்டியவர். கல்யாணமே வேண்டாமென்று வண்டியோடு வாழ்ந்தவர். ஒரு யார்டில் டிரெய்லரின் மேல்தட்டில் காரைக் கட்டிக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தார். வலது காலில் ராடு வைத்தார்கள், கணுக்கால் மடங்கவில்லை. இனிமேல் கனரக வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளோடு, அவர் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். போட்டதைச் சாப்பிடுவார். நான் வைத்த சேனலைப் பார்ப்பார். வாசலுக்கு எதிரே வல்லக்கோட்டை ரோட்டில் டிரெய்லர் ஹாரன் அடித்தால்கூடத் தலை திரும்பாது. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு நண்பரிடமிருந்து பழைய கம்ப்யூட்டரையும், ஸ்டியரிங், பெடல் செட்டையும் வாங்கி வந்தேன். லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றினேன். இடது காலுக்கு எட்டும்படி பெடலை நகர்த்தி வைத்தேன். அண்ணன் உட்கார்ந்தார். இரண்டே நிமிடம்.

"தல சுத்துதுடா. வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

விடுவேனா நான்? வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். படம் வரையும் கார்டுக்கு ஒரு டிரைவர் மென்பொருள் உண்டு. அது நமக்குக் காட்டும் செட்டிங்குகள் கொஞ்சம்தான். மறைத்து வைத்திருப்பவை ஏராளம். அவற்றைத் திறந்துகாட்ட இலவசமாக ஒரு புரோகிராம் கிடைக்கிறது. உள்ளே போனால் பெயர்கூட இல்லாமல் வெறும் எண்ணும் எழுத்துமாக வரிசை வரிசையாக நிற்கும். வீடியோவில் ஒருவர் மாற்றச் சொன்ன இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் மாற்றினேன். திரையின் மூலையில் வினாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் ஐம்பது, அறுபது என்று ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை மூன்று நிமிடம். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"அறுபது காட்டுதுண்ணா! மெஷின் சூப்பரா ஓடுது. உனக்குத்தான் பழக்கமில்ல" என்றேன். அவர் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஷிப்ட் முடிந்து வந்த மனைவி பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள். "அவரு இன்னா சொன்னாரு?"

"தல சுத்துதாம்."

"எப்ப சுத்துதாம்?"

அதை நான் கேட்கவே இல்லை. அவளே போய்க் கேட்டாள். "மாமா, திரும்பறப்ப சுத்துதா, நேரா போறப்பவா?"

அண்ணன் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார். "நேரா போறப்பவேம்மா. ஓடுது, நிக்குது, ஓடுது. க்ளட்ச்ச வுட்டு வுட்டு புடிக்கிற மாதிரி கீது."

மறுநாள் அவள் முதல் வேலையாக, நான் மாற்றிய இருபத்திரண்டையும் பழையபடி ஆக்கினாள். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு செட்டிங், ஒன்றே ஒன்று. நாலு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவாள், டீ குடிப்பாள், ஒன்றை மாற்றுவாள். அண்ணன் அதே ரோட்டில் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். அவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்வாள்.

"இந்த வேகத்துல போனா தீபாவளி வந்துடும்" என்று கிண்டலடித்தேன்.

"ஒரே நாள்ல ரெண்ட மாத்தி சரியாச்சுன்னா, எதனால சரியாச்சுன்னு யாரு சொல்லுவா? நீயா?" என்றாள். அவர்கள் லைனில் ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சாலிடர் அடுப்பின் சூட்டை அப்படித்தான் ஒவ்வொரு இடமாக மாற்றிப் பார்ப்பார்களாம். அவளுக்கு அது புது வித்தையே இல்லை.

அண்ணன் முதலில் எங்களுக்காகத்தான் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் திரையே கறுத்துவிட்டது. நான் குதித்தேன். அவள் நோட்டைப் பார்த்து முந்தின நாள் எண்ணைத் திரும்பப் போட்டாள், அவ்வளவுதான். நான் இருபது வயதிலிருந்து ஸ்பானர் பிடிப்பவன். இத்தனை நிதானத்தை எந்த இன்ஜினியரிடமும் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் அவள் செய்ததைப் பார்த்து நான் அலறிவிட்டேன். வினாடிக்கு முப்பது படத்துக்கு மேல் வரக் கூடாதென்று பூட்டிவிட்டாள்.

"அறுபது காட்டுனத பாதியா கொறைக்கிறியா? பைத்தியமா உனக்கு?"

"லைன்ல ஒருத்தி நாலு பீஸ அவசரமா தள்ளிட்டு, அஞ்சாவது பீஸுக்கு நிக்க வெச்சா சும்மா வுடுவாங்களா? வேகம் யாருக்கு வேணும்? ஒவ்வொண்ணும் ஒரே கேப்புல வரணும்."

அண்ணன் பத்து நிமிடம் ஓட்டினார். இறங்கவில்லை. தலை சுற்றவில்லை. நான் வெட்கத்தோடு நின்றிருந்தேன். அப்போது அவரே பேசினார்.

"ஸ்டியரிங்ல ப்ளே கீது. இப்ப திருப்புனா அப்புறமா கேக்குது."

"கம்ப்யூட்டர் ஸ்டியரிங்ல ஏதுண்ணா ப்ளே..." என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கார்டு சில படங்களை முன்கூட்டியே வரைந்து வரிசையில் நிறுத்தி வைக்கிறது என்பதை அடுத்த நாள் அவள் கண்டுபிடித்தாள். "ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல பீஸ் சேர்ந்துபோனா, இங்க பண்றது அங்க தெரிய நேரமாவும் இல்ல? அதான்" என்றாள். வரிசையில் ஒரே ஒரு படம்தான் நிற்கலாம் என்று மாற்றினாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லாரி ஓட்டிய ஒருவர் சொன்னதை அவள் முழுசாக நம்பினாள், அதுதான் அவளுடைய வித்தை. நான் திரையின் மூலையிலிருந்த எண்ணை நம்பினேன்.

அன்று அண்ணன் ஸ்டியரிங்கை லேசாக அசைத்தார். லாரி அசைந்தது. இன்னொரு முறை அசைத்தார். முதுகை நிமிர்த்தி, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் முடிந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கிடங்குக்குள் நுழைந்து, அந்த நீள டிரெய்லரை ரிவர்ஸில் ஒரே மூச்சில் சரக்கு இறக்கும் மேடையோடு ஒட்டி நிறுத்தினார்.

"கண்ணாடி சரியில்ல" என்றார், எங்கள் பக்கம் திரும்பாமலேயே. "பின்னாடி வர்றவன் மங்கலா தெரியறான். இத வெச்சிக்கினு எப்டி ஓட்றது? நாளிக்கு அத சரி பண்ணு."

ஒன்பது மாதமாகத் தண்ணீர்கூடக் கேட்காதவர்.

"எந்தப் பக்கக் கண்ணாடி மாமா?" என்றாள் அவள்.

"ரெண்டும்தான்!" என்று எங்கள் அண்ணன் அதட்டினார்.