பதினேழு தடவை தயாரான அறை

நடந்து முடிந்த வேலைக்கு மாலை போடுவார்கள், நடக்கப் போகிற வேலைக்கு ஃபைல் போடுவார்கள். நான் காலமெல்லாம் ஃபைல் போட்ட கட்சி. "இன்னும் சாங்ஷன் ஆகலை" என்று சொல்லிச் சொல்லியே நாக்கு தேய்ந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஃபாக்டரி ஒன்றில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். மதுரைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமில், செய்ய உத்தேசித்திருக்கிற வேலைகளை ஏற்றுவது என் பொறுப்பு. புது ஷெட் போடணுமா, சாக்கடை வெட்டணுமா, முதலில் 'உத்தேச வேலை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே முன்வேலைகள்: இடம் அளப்பது, படம் போடுவது, கொத்தனாரிடம் கேட்பது. முதலாளி கையெழுத்துப் போடும்வரை ஒரு செங்கல் நகராது. அந்தப் புரோகிராமுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முன்வேலையாவது முடியாவிட்டால், அந்த வரியைத் தானாகவே தூக்கிப் போட்டுவிடும். சொல்லாது, கொள்ளாது.

சைக்கிள் ஷெட்டில் ஒரு தொட்டில்

செல்லத்தாய் பேண்டேஜ் சுருட்டும் பகுதியில் இருந்தாள். நான் வருகிற பஸ்தான் அவளுக்கும். ஒரு வயசு மகளைச் சைக்கிள் ஷெட்டில் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டு, டீ நேரத்தில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு தொட்டில்கள் அங்கே தொங்கின. "பிள்ளைகளப் போட ஒரு ரூம் கேட்டுப் பாருங்கக்கா" என்றாள். கேட்பதற்கு நான் யார்? ஆனால் ஏற்றுவது நான்தானே. 'குழந்தைகள் அறை' என்று ஏற்றிவிட்டேன்.

மேனேஜர் நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் சட்டம் பேசுவார். முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால்தான் அறை கட்டாயம், நம்மிடம் இருப்பது இருபத்தாறு பேர் என்றார். எனக்கு வந்ததே எரிச்சல். மீதிப் பேருக்கு நான் எங்கே போவேன் என்ற கேள்வி வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "சரிம்மா, லிஸ்ட்ல கிடந்துட்டுப் போகுது. அதுக்கு நாம என்ன சோறா போடப் போறோம்?"

சுப்பையா அண்ணனின் டேப்

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது எனக்குப் பகீரென்றது. ஏதாவது ஒரு முன்வேலை முடிந்தாக வேண்டும். ஃபிட்டர் சுப்பையா அண்ணனைக் கெஞ்சி, குடோனுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த இடத்தை அளக்கச் சொன்னேன். 'இடம் அளந்தது' என்று ஏற்றினேன், வரி பிழைத்தது. அடுத்த தடவை 'மறுபடி சரிபார்த்தது'. அதற்கடுத்து வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, குழாய் எட்டுமா, தொட்டில் கட்ட எத்தனை கொக்கி வேண்டும். சில சமயம் ஒன்றுக்கு இரண்டாகவும் முடித்து வைத்தேன். செய்யாததைச் செய்ததாக ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நேர்மையாவது என்னிடம் இருந்தது.

நாலாவது தடவை டேப்பை விரித்தபோது சுப்பையா அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, போன தடவையும் பதினாறு அடி, இப்பவும் பதினாறு அடி. இடம் என்ன பச்சப்பிள்ளையா, வளருதான்னு அளந்து பாக்க?"

பஸ்ஸில் ஒரு கேள்வி

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. செல்லத்தாயின் மகள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சமயத்தில் ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று சைக்கிள் ஷெட் தூணில் இடித்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு, யார் செய்த புண்ணியமோ, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனிமேல் யாரும் தொட்டில் கட்டக் கூடாது என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் செல்லத்தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எனக்கு ரெண்டு மாசம். எங்க வீட்டுக்காரவிய வேலைய விடச் சொல்லுதாவ. தொட்டிலும் இல்லன்னா பிள்ளைய எங்க போட? சம்பளம் போனாக்கூடப் பரவால்லக்கா, வேலைய விட்டா அந்த வீட்ல என் பேச்சு எடுபடாது. ரூம் வருமா வராதா? வரும்னா நான் வேலைய விட மாட்டேன்."

லிஸ்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். நான் "வரும்" என்றேன். ஒருத்தியின் பிழைப்பை என் ஒற்றை வார்த்தையில் கட்டிவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னாச் சரிக்கா. பொறவு எனக்கு என்ன பயம்?"

முதலாளி கேட்ட லிஸ்ட்

செல்லத்தாய்க்கு நாலு மாசம் ஆனபோது, உத்தேச வேலைகள் எல்லாவற்றையும் முதலாளி பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். அந்தப் புரோகிராம் எந்த வேலைக்கு முன்வேலை அதிகம் முடிந்திருக்கிறதோ அதை மேலே போடும். புது பாய்லருக்கு இரண்டு முன்வேலை, குடோன் கூரைக்கு நாலு. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், குழந்தைகள் அறை: பதினேழு. இதை நான் யோசித்ததே இல்லை.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "பதினேழு ஏற்பாடு முடிச்சுட்டு ஏன் இன்னும் கட்டலை? அதென்ன, இடத்தையே நாலு தடவை அளந்திருக்கு?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எல்லாம் தெரிந்தவர் அவர். இந்தம்மா வேலை இது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறையும் போகும், என் வேலையும் போகும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிள்ளைங்க விஷயம் சார். ஒண்ணுக்கு நாலு தடவை பாத்துக்கிட்டோம்."

ஆபீஸுக்கு வந்தவள்

முதலாளி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். செல்லத்தாய் பெற்றுப் பிழைத்து மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது, சுண்ணாம்பு வாடை போகாத அறையும் ஒரு ஆயாவும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். மத்தியானம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "இதுக்குள்ளதான் இம்புட்டு நாளும் ரூம் இருந்துச்சாக்கா?" என்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் அன்று வரும் என்று சொன்னது பொய், எனக்கே நம்பிக்கை இல்லை, என்னை மன்னிச்சிரு என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. செல்லத்தாய் மகனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "தெரியும்க்கா. சொல்றப்ப நீங்க என் மூஞ்சியப் பாக்கலையே. ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போயி, ரூம் வருது, இன்னாரு சொன்னாவன்னு அவியட்டச் சொல்ல எனக்கு ஒரு ஆள் பேரு வேணும்ல."

முறையாகத் திட்டம் போட்ட எத்தனையோ வேலைகள் காணாமல் போக, என் ஒரு பொய்யும் மேனேஜரின் ஒரு பொய்யும் சேர்ந்துதான் சுவரும் கூரையுமாக நின்றன என்பதை அதற்குப் பிறகு போன எந்த இன்டர்வியூவிலும் நான் சொன்னதில்லை.